வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டிவி லைசென்ஸ் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

கோபி வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு வாழையும் மஞ்சளுமாக விவசாயம். மகள் போன செப்டம்பரில் மேல்படிப்புக்காக இங்கிலாந்தில் கவென்ட்ரிக்குப் போனாள். ஹாஸ்டல் வாடகை கட்டுப்படியாகாது என்று இன்னும் மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வீடு பிடித்துத் தங்கியிருக்கிறாள். அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, போட்டோ எடுத்து அனுப்பினாள். யார் பெயரும் அதில் இல்லை, "சட்டப்படி குடியிருப்பவருக்கு" என்று மட்டும் போட்டு, இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் இல்லை, விசாரிக்க ஆள் வரலாம், ஆயிரம் பவுண்டு வரை அபராதம் என்று சிவப்பு எழுத்தில் அடித்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் டிவியே கிடையாதுங்க. இருப்பது லேப்டாப்பும் போனும்தான். அதில் சன் டிவி சீரியல் பார்ப்பாள், கிரிக்கெட் பார்ப்பாள், வேறொன்றுமில்லை. அனுப்பி வைத்த கன்சல்டன்சியில் கேட்டால் எல்லா வீட்டுக்கும் வருவதுதான், கிழித்துப் போடச் சொல்லுங்கள் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனும் அங்கேதான் இருக்கிறார், அவரோ பேசாமல் கட்டிவிடுங்கள், நமக்கெதற்கு வம்பு என்கிறார். கட்டுவதென்றால் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். பணம்கூடப் பரவாயில்லைங்க, இதனால் விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று வீட்டில் அவள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

இன்னொன்று. என் அக்கா மகன் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் வேலையில் இருந்துவிட்டு இப்போது மொத்தமாக ஊருக்கே திரும்பி வருகிறான். அவனும் அங்கே மாதாமாதம் டிவிக்கென்று பணம் கட்டுகிறான். வந்த பிறகு அது தானாக நின்றுவிடுமா, நாம் ஏதாவது செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்க.

பொள்ளாச்சி டு பர்மிங்காம்:

அண்ணா, முதலில் அண்ணியை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்க. இந்தக் கடிதம் லைசென்ஸ் பதிவில்லாத வீடு எதுவானாலும் வரும். இங்கே லைசென்ஸ் என்பது பிபிசிக்குப் போகிற கட்டணம், அது ஆளுக்குக் கிடையாது, முகவரிக்கு. முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும் அந்த முகவரியில் லைசென்ஸ் இல்லாமல் ஆகியிருக்கும், அதனால்தான் பெயரில்லாமல் கடிதம் வந்திருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, அதற்காகக் கிழித்துப் போடவும் வேண்டாம்.

டிவி பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே கேள்வி கிடையாதுங்க. எந்தச் சேனலாக இருந்தாலும், எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். போனில் பார்த்தாலும் அப்படித்தான். பிபிசியின் ஆப்பான ஐபிளேயரை மட்டும் நேரலை, பழைய நிகழ்ச்சி என்ற வித்தியாசமே இல்லாமல் எப்படித் திறந்தாலும் வேண்டும். மற்றபடி நெட்ஃப்ளிக்ஸில் படம் பார்ப்பது, யூடியூபில் ஏற்கெனவே ஏற்றி வைத்த வீடியோ பார்ப்பது, ஓடி முடிந்த சீரியல் எபிசோடை ஆப்பில் பிறகு போட்டுப் பார்ப்பது, இதற்கெல்லாம் வேண்டாம். ரேடியோவுக்கும் வேண்டாம், அதை 1971லேயே எடுத்துவிட்டார்கள்.

அதனால் பாப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்க, சீரியலை எப்போது பார்க்கிறாள் என்று. நம் ஊரில் இரவு எட்டு மணிக்கு ஓடுகிற சீரியல் இங்கே குளிர்காலத்தில் மதியம் இரண்டரை மணி, கோடையில் மூன்றரை. அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருப்பாள். ராத்திரி வந்து சாப்பிடும்போது எபிசோடைப் போட்டுப் பார்க்கிறாள் என்றால் லைசென்ஸ் தேவையே இல்லை. ஆனால் கிரிக்கெட்டை யாரும் மறுநாள் பார்ப்பதில்லை. சென்னை மேட்சை அது நடக்கும்போதே சேனலிலோ ஆப்பிலோ பார்த்தால் லைசென்ஸ் வேண்டும், அது ஒரே ஒரு மேட்சாக இருந்தாலும் சரி.

நேரலையாக எதுவும் பார்ப்பதில்லை என்றால் டிவி லைசென்சிங் இணையதளத்தில் போய் "எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை" என்று பதிவு செய்துவிடலாம். இலவசம்தான். அதன் பிறகும் சரிபார்க்க ஆள் வரலாம், கொஞ்ச காலம் கழித்துத் திரும்பவும் கேட்கலாம். வருகிறவருக்கு நம் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய அதிகாரம் கிடையாது, நீதிமன்ற வாரன்ட் இருந்தால்தான் முடியும். மரியாதையாகப் பேசி அனுப்பினால் போதும்.

பார்ப்பதுண்டு என்றால் கட்டிவிடுவதுதான் சரி. 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆக்கினார்கள், அதற்கு முன் 169.50 இருந்தது. விலைவாசியை ஒட்டி ஏப்ரலில் ஏற்றுவார்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் வங்கிக் கணக்கில் இருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். கட்டாமல் பார்ப்பது இந்த நாட்டில் கிரிமினல் குற்றம், கரன்ட் பில் பாக்கி மாதிரி நினைக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லை என்பது மட்டும் விசாவைத் தொடாது. ஆனால் கேஸாகி கோர்ட்டில் அபராதம் போட்டுவிட்டால், பின்னால் விசா நீட்டிக்கும் விண்ணப்பத்தில் குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்கும் இடத்தில் அதைச் சொல்ல வேண்டி வரும். அந்த நிலைமைக்குப் போகவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் டிவி லைசென்ஸ் முடிந்துவிட்டது, இந்த லிங்கில் பணம் கட்டுங்கள்" என்று ஈமெயில் வந்தால் தொடவே கூடாது என்று சொல்லி வையுங்க. அதே பெயரில் ஏமாற்றுகிற கும்பல்கள் நிறைய இருக்கின்றன. புதிதாக வந்த பிள்ளைகள் பயத்தில் கார்டு நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். எதுவாக இருந்தாலும் இணையதள முகவரியைத் தானே டைப் செய்து உள்ளே போகச் சொல்லுங்க.

ஈரோடு கருங்கல்பாளையம்:

ஜெர்மனி விஷயத்துக்கு நான் சொல்கிறேன் அண்ணா. சில வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது ஈரோட்டில்தான் இருக்கிறேன்.

இங்கிலாந்துக் கதையை அப்படியே மறந்துவிடுங்க, ஜெர்மனி முறை வேறு. அங்கே நீங்கள் எதையும் பார்க்கவே வேண்டாம், டிவி, லேப்டாப், போன் ஒன்றுகூட இல்லாமல் இருந்தாலும் கட்ட வேண்டும். 2013இல் இருந்து வீட்டுக்கு இவ்வளவு என்று ஆக்கிவிட்டார்கள். அதன் பெயர் ரூண்ட்ஃபுங்க்பைட்ராக். 2021 ஆகஸ்டில் இருந்து மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 55.08. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்களுக்குக் கடிதம் வந்தால் கட்டுகிறவருடைய ஒன்பது இலக்க எண்ணை எழுதி அனுப்பிவிடலாம். படிக்கப் போகிற நம் பிள்ளைகள், மாணவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடுகிறார்கள். அந்த விலக்கு ஜெர்மன் அரசின் படிப்பு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குத்தான், அது நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

இப்போது உங்கள் அக்கா மகனுக்கு முக்கியமானது. தானாக நிற்காதுங்க. ஊரைவிட்டுக் கிளம்பும்போது நகராட்சி அலுவலகத்தில் போய் இங்கிருந்து போகிறேன் என்று பதிவை நீக்க வேண்டும், அதை ஆப்மெல்டுங் என்பார்கள், கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். நிறையப் பேர் அதோடு எல்லாம் முடிந்தது என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். கட்டணம் வசூலிக்கிற பைட்ராக்ஸ்செர்விஸ் வேறு அலுவலகம். அதற்குத் தனியாக, நிரந்தரமாக வெளிநாடு போகிறேன், இந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்தேன் என்று அந்தத் தாளின் நகலையும் வைத்து எழுத வேண்டும்.

இதில் தேதி மிகவும் முக்கியம். சட்டத்தில் எப்படி இருக்கிறது என்றால், வீட்டைக் காலி செய்த மாதத்தின் கடைசியில் கட்டணம் நிற்கும், ஆனால் நீங்கள் அவர்களுக்குத் தெரிவித்த மாதத்தின் கடைசிக்கு முன்னால் நிற்காது. அதாவது மார்ச்சில் காலி செய்துவிட்டு ஆகஸ்டில் எழுதினால் ஆகஸ்டு வரை கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கிளம்புகிற மாதத்திலேயே எழுதிவிட்டால் அந்த மாதத்தோடு முடிந்தது.

அப்புறம் வங்கிக் கணக்கு. பலரும் கிளம்பும் அவசரத்தில் முதலில் அதைத்தான் மூடுவார்கள். கணக்கில் இருந்து பணம் எடுக்க முடியாமல் போனால் அது பாக்கியாக நின்று, அதற்கு மேல் தாமதக் கட்டணமாகக் குறைந்தது எட்டு யூரோ சேரும். கடிதம் எல்லாம் பழைய முகவரிக்கே போகும், நமக்குத் தெரியவே தெரியாது. என்னோடு ஒரே ரூமில் இருந்த நாமக்கல் நண்பர் திரும்பிப் போய் நெடுநாள் கழித்து வேறு கம்பெனி மூலமாக மறுபடியும் அதே நாட்டுக்கு வந்தார். புது வீட்டில் பதிவு செய்ததும் முதலில் வந்த கடிதமே பழைய பாக்கிதான். அதனால் கணக்கு மூடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்க, முடித்துவிட்டோம் என்று அவர்கள் பதில் கடிதம் அனுப்பும்வரை பொறுக்கலாம்.

கோவை சாய்பாபா காலனி:

நானும் லண்டனில் இருந்து திரும்பி வந்தவன்தான். ஈரோட்டுக்காரர் சொன்னதைப் படித்ததும் சொல்லத் தோன்றுகிறது, ஜெர்மனிக்காரர்கள் செய்வது நியாயமே இல்லை. ஜெர்மன் மொழி தெரியாத, அந்தச் சேனலை ஒரு நிமிடம்கூடப் பார்க்காத பையன் வருடத்துக்கு 220 யூரோ எதற்காகக் கட்ட வேண்டும்? இங்கிலாந்தில் பார்த்தால் கட்டு, பார்க்காவிட்டால் வேண்டாம் என்று ஒரு கணக்காவது இருக்கிறது. ஊரில் கடன் வாங்கிப் போகிற பிள்ளைகளுக்கு இது ஒரு மாத மளிகைச் செலவுங்க.

கேள்விக்கு வருகிறேன். படிப்பு முடிந்து மகள் திரும்பும்போது, ஒருவேளை லைசென்ஸ் எடுத்திருந்தால், அதை ரத்து செய்து மிச்சப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். இன்னும் முழு மாதங்கள் பாக்கி இருந்தால் அதற்கான தொகையைத் தருவார்கள். ஜெர்மனிக்குச் சொன்ன அதே விஷயம் இங்கிலாந்திலும் உண்டு, அந்த ஊர் வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். மாதாமாதம் பிடித்தம் போகிறதென்றால் வங்கியில் நிறுத்தினால் மட்டும் போதாது, லைசென்ஸ் அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த பிறகும் லைசென்ஸை வைத்துக்கொண்டால் கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஐபிளேயர் பார்க்கலாமா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. அது பிரிட்டனுக்குள் மட்டும்தான், பணம் கட்டியிருந்தாலும் அப்படியே.

ஈரோடு கருங்கல்பாளையம்:

அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, அங்கே இருந்தபோது எனக்கும் அது இருந்தது. ஆனால் இதை அந்த ஊர்க்காரர்களே அரசியல் சாசன நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார்கள். 2018 ஜூலையில் தீர்ப்பு. பார்க்கிறாயா என்பது கணக்கில்லை, பார்க்க வாய்ப்பு இருக்கிறது, அதற்குத்தான் கட்டணம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வீடு இருந்தால் இரண்டாவது வீட்டுக்கு வாங்கக் கூடாது என்று மட்டும் மாற்றினார்கள். வேலைக்காக ஒரு ஊரிலும் குடும்பத்துக்காக ஒரு ஊரிலும் வீடு வைத்திருக்கிற நம் ஆட்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம், அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லுங்க.

தாராபுரம் தபால்காரர்:

தம்பி, நான் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். வெளிநாட்டு விவரம் இந்தப் பிள்ளைகள் அளவுக்குத் தெரியாது. ஆனால் லைசென்ஸ் என்றதும் புதுசாக ஏதோ கொடுமை போலப் பேசுகிறீர்களே, நம் ஊரிலும் இருந்ததுதான். ரேடியோ வாங்கினால் போஸ்ட் ஆபீஸில் வந்து சின்னப் புத்தகம் ஒன்று போட வேண்டும். பாஸ்புக் மாதிரி இருக்கும், வருடா வருடம் பணம் கட்டினால் அதில் அதற்கென்று உள்ள ஸ்டாம்பை ஒட்டி மேலே முத்திரை குத்துவோம். டிவி வந்தபோது அதற்கும் அப்படித்தான். 1980களின் நடுவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தோட்டத்து வீடுகளில் மர ரேடியோ பக்கத்திலேயே அந்தப் புத்தகத்தை வைத்திருப்பார்கள், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

இன்னொன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் சிற்றலையில் முள்ளைத் திருப்பித் திருப்பி லண்டன் பிபிசியின் தமிழோசையைப் பிடிப்போம். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டு இலங்கைச் செய்தி தெரிந்துகொண்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். 1941இல் தொடங்கிய தமிழ்ச் சேவை அது. சிற்றலை ஒலிபரப்பை 2017இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது போனில் பிபிசி தமிழ் என்று செய்தியாக வருகிறது, பேரன் காட்டினான். 2014 முதல், இந்தத் தமிழ்ச் சேவை அடங்கிய பிபிசி உலகச் சேவைக்கான செலவில் பெரும்பங்கு இங்கிலாந்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு கட்டுகிற இதே லைசென்ஸ் பணத்தில் இருந்துதான் போகிறது. நாமெல்லாம் ஒரு பைசா கட்டாமல் கேட்டோம், இப்போது படிக்கிறோம். விளம்பரக்காரன் தயவும் ஆளுங்கட்சி தயவும் இல்லாமல் செய்தி சொல்ல வேண்டும் என்றால் அதற்கு யாராவது பணம் போடத்தானே வேண்டும்? பார்க்கிற பிள்ளை கட்டட்டும் தம்பி, அதில் தப்பில்லை. பார்க்காத பிள்ளையிடம் வாங்குவது சரியா என்று கேட்டால், அந்த இடத்தில் நான் கோயம்புத்தூர்க்காரர் பக்கம்தான்.

கோபி வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மகளிடம் பேசினேன். சீரியல் எல்லாம் ராத்திரி எபிசோடாகத்தான் பார்க்கிறாளாம், நேரலை கிடையாது. மேட்ச் மட்டும் நேரலையாகப் பார்த்ததுண்டு என்றாள், இனிமேல் லைசென்ஸ் இல்லாமல் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது புதுசாக ஒரு சிக்கல். கூட இருக்கிற பிள்ளைகளில் ஒருத்தி ஹாலில் வைக்க ஒரு பழைய டிவி வாங்கலாம், எல்லோரும் சேர்ந்து மேட்ச் பார்க்கலாம் என்கிறாளாம். அப்படி வாங்கினால் நாலு பேரும் தனித்தனியாகக் கட்ட வேண்டுமா? நானும் வீட்டுக்காரியும் பட்டமளிப்புக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்குவதாக இருக்கிறோம், அப்போது எங்களுக்கும் கேட்பார்களா? ஜெர்மனி விஷயத்தை அக்கா மகனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். வங்கிக் கணக்கை மூட எழுதிக் கொடுக்க இருந்தானாம், நிறுத்தி வைத்திருக்கிறான்.

பொள்ளாச்சி டு பர்மிங்காம்:

அண்ணா, வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்க. நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் மொத்த வீட்டுக்கும் ஒரே லைசென்ஸ் போதும், ஹாலில் பார்த்தாலும் ரூமில் பார்த்தாலும் அதில் அடங்கும். நாலாகப் பிரித்தால் ஆளுக்குக் கால்பங்குதான் வரும். ரூம் ரூமாகத் தனித்தனி ஒப்பந்தம் என்றால், ஹால் டிவிக்கு ஒரு லைசென்ஸ், அவரவர் ரூமில் நேரலை பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டு ஓனர் கட்டுகிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும், சில ஒப்பந்தங்களில் வாடகையிலேயே சேர்த்திருப்பார்கள்.

பிள்ளைகள் பேச்சில் இன்னொன்றும் அடிபடும், பெற்றோர் வீட்டு லைசென்ஸே மாணவர்களுக்குப் போதும் என்று. பெற்றோர் பிரிட்டனிலேயே லைசென்ஸ் கட்டிக் குடியிருந்து, பிள்ளை பிளக்கில் சொருகாமல் பேட்டரியில் ஓடுகிற போனிலோ லேப்டாப்பிலோ பார்த்தால்தான் அது செல்லும். கோபியில் இருக்கிற உங்கள் வீட்டுக்குப் பொருந்தாதுங்க.

நீங்களும் அண்ணியும் வந்து தங்கும்போது அந்த வீட்டு லைசென்ஸே போதும், தனியாக எதுவும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாத வீடாக இருந்தால் நீங்களும் அங்கே உட்கார்ந்து நேரலையாகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். டிவி வாங்கினாலும் நெட்ஃப்ளிக்ஸும் பழைய எபிசோடும் மட்டும் பார்க்கிறார்கள் என்றால் அப்போதும் தேவையில்லை, பெட்டி இருப்பதற்காக இங்கே பணம் கிடையாது.

கோவை சாய்பாபா காலனி:

கடைசியாகச் சொன்னதை இங்கிலாந்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. பக்கத்திலேயே அயர்லாந்தில் அது தலைகீழ். அங்கே டிவி பெட்டி வீட்டில் இருந்தாலே ஆண்டுக்கு 160 யூரோ, பார்க்காமல் மூலையில் வைத்திருந்தாலும் கட்ட வேண்டும், லேப்டாப்பிலும் போனிலும் பார்ப்பதற்குக் கிடையாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது டப்ளினுக்கும் நிறையப் போகிறார்கள். சிங்கப்பூரில் 2011இலேயே எடுத்துவிட்டார்கள், பிரான்சில் 2022இல். அதனால் எந்த நாட்டுக்குப் போகிறார்களோ அந்த நாட்டு விதியைக் கேளுங்க, அங்கே இப்படி, இங்கேயும் இப்படித்தான் இருக்கும் என்று கன்சல்டன்சியில் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கோபி வாய்க்கால்கரை:

ஒப்பந்தத்தை அனுப்பினாள், நாலு பேர் கையெழுத்தும் ஒரே தாளில்தான் இருக்கிறதுங்க. ஐபிஎல் தொடங்கும்வரை டிவி வேண்டாம், அது வரும்போது பிரித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அதுவரைக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று இணையதளத்தில் பதிவு செய்துவிட்டாள், உறுதி செய்து ஈமெயிலும் வந்துவிட்டது. அதை அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.